பள்ளிக்கூடம் போகாத மூளையின் கையிருப்பு

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து பிடித்தால் வேலூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தூரம். 1989 வரை இரண்டு ஊர்களும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2000-களின் நடுவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 65 வயதைத் தாண்டியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, யாருக்கெல்லாம் டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கிறது என்று கண்டறியும் வேலை. ‘10/66’ என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவின் கணக்கெடுப்பு அது. உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்ற ஆதங்கத்தில் 1998-இல் கொச்சியில் உருவான குழு. பெயரும் அப்படி வந்ததுதான்.

ஏழு நாடுகளில் 11 இடங்கள், ஏறத்தாழ 15,000 முதியவர்கள். முடிவுகள் 2008-இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் கியூபாவில் மறதிநோய் 6.3 சதவீதம். நம் வேலூர்க் கிராமங்களில்? 0.3 சதவீதம். ஆயிரம் பேருக்கு மூன்று பேர்.

மஞ்சளின் மகிமை என்றோ கூட்டுக்குடும்பத்தின் கொடை என்றோ இதை மேடையில் முழங்கலாம். ஆனால் அதே கிராமங்களில் அதே முதியவர்களை, படிப்பறிவில்லாதவர்களுக்கும் பொருந்தும்படி 10/66 குழு தானே வடிவமைத்த முறையில் பார்த்தபோது, விகிதம் சுமார் பத்து சதவீதத்துக்கு ஏறியது. ஆட்கள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

பழைய அளவுகோல், நினைவு மங்குவதோடு அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அதை வீட்டார் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது. எழுபது வயதுத் தாத்தாவை நம் வீடுகளில் யார் வங்கிக்கு அனுப்புகிறார்கள்? ரேஷன் கடைக்கு மகன் போகிறான், தட்டில் சோறு போட்டு மருமகள் எடுத்து வருகிறாள். “வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று அக்கம்பக்கமும் சொல்லிவிடுகிறது. பராமரிப்பு நன்றாக இருக்கிற வீட்டில் நோய் அந்தப் பராமரிப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. உலகெங்கும் அதிகம் பயன்படும் நினைவுத் தேர்வு, 1975-இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவர் குழுவினரும் வெளியிட்ட முப்பது மதிப்பெண் தேர்வு. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், தாளில் இருப்பதைப் படித்து அதன்படி செய்யுங்கள், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள். பென்சிலையே பிடித்திராத ஒருவர், மூளை முழு நலத்தோடு இருந்தாலும், இதில் மளமளவென்று மதிப்பெண் இழப்பார்.

ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் இந்திய – அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று இதே சுவரில் முட்டிக்கொண்டது. அங்கே முதியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மேரி கங்குலியும் விஜய் சந்திராவும் அவர்களுடைய குழுவினரும் கேள்வித்தாளையே மாற்றினார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், “உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்” என்றார்கள். தாளைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதில், “என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்” என்றார்கள். ஆள் ஒன்றுதான், மதிப்பெண் மட்டும் கேள்விக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது.

குழித்தறியில் ஒரு முற்பகல்

ஆரணிக்குள் பட்டுத்தறி ஓடும் தெருக்களில் இந்தச் சிக்கல் கண்ணெதிரே நிற்கும். எடை குறைந்த புடவைகளுக்குப் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தறியில் உட்கார்ந்த தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டிருக்கிறது.

குழிக்குள் கால் தொங்க, மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி ஒரு நெசவாளர் ஊடையை ஓட்டுகிறார். ஆயிரக்கணக்கான இழைகள் பாவில் நெருக்கமாக நிற்கின்றன. திடீரென்று ஒன்று அறுகிறது. தறி நிற்கிறது. அறுந்த முனையைக் கண் தேடுவதற்கு முன்பே விரல் அந்தப் பக்கம் போகிறது. மாற்றிழையை முடிந்து, சரியான விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சில் அதற்குரிய பல்லுக்குள் இழுக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனால் புடவையின் நீளத்துக்கும் கோடு விழும். கைமுட்டு லேசாகவோ அழுத்தமாகவோ மாறினால் ஊடையின் நெருக்கம் மாறும், புட்டாக்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி தப்பும். மழைநாள் ஈரத்தில் பட்டு ஒரு மாதிரி, கோடைக் காற்றில் வேறு மாதிரி. இத்தனையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, முந்தி தொடங்க இன்னும் எவ்வளவு நெய்ய வேண்டும் என்ற கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

கவனத்தைப் பிரித்து வைப்பது, தற்காலிக நினைவில் எண்களை ஏந்திக்கொள்வது, இடவுணர்வு, பிழை கண்டுபிடிப்பது என்று நரம்பியல் சோதனைக்கூடங்கள் தனித்தனியாக அளக்கும் திறன்கள் இவை. ஐங்கோணம் வரையும் தேர்வில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண் இல்லை.

பழுதடைந்த மூளை, பழுதில்லாத நடத்தை

இத்தகைய திறன்கள் மூளையைக் காக்குமா என்ற கேள்வி ‘அறிதிறன் கையிருப்பு’ என்ற கருத்துக்கு இட்டுச் செல்கிறது. அது ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தது. 1988-இல் ராபர்ட் காட்ஸ்மனும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வாழ்ந்து இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தபோது அந்தப் பத்துப் பேரும் தேர்வுகளில் நன்றாகச் செய்தவர்கள். அவர்களுடைய மூளைகள் எடை கூடியவை, பெரிய நரம்பணுக்கள் அதிகம் கொண்டவை.

அடுத்து வந்தது டேவிட் ஸ்னோடனின் கன்னியாஸ்திரிகள் ஆய்வு. ஒரே சபை, ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி இருப்பிடம். புகை, குடி, குடும்பச் சுமை என்று கணக்கைக் குழப்பும் விஷயங்கள் இல்லாத 678 பெண்கள் இறந்தபின் மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். சகோதரி மேரி என்று ஆய்வேடுகளில் குறிக்கப்படுபவர் 101 வயதில் இறக்கும் முன் நினைவுத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவர் மூளையிலோ அல்சைமரின் படிவுகளும் சிக்கல்களும் ஏராளம். மடத்தில் சேர்ந்த இளம் வயதில் அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்த தன்வரலாறுகளை எடுத்துப் படித்ததில், ஒரு வாக்கியத்துக்குள் கருத்துகளை அடர்த்தியாக அடுக்கியவர்களுக்கு முதுமையில் மறதிநோய் குறைவாக வந்திருந்தது.

சேதத்துக்கும் நடத்தைக்கும் இடையிலான இந்த இடைவெளிக்கு ஒரு கோட்பாடு கொடுத்தவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்ன். 593 முதியவர்களைப் பின்தொடர்ந்து 1994-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், குறைவாகப் படித்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. தொழில்நிலை தாழ்ந்தவர்களுக்கும் அதே கதை. மூளையின் பருமனும் நரம்பணுக்களின் எண்ணிக்கையும் ஒரு வகைக் கையிருப்பு. இருக்கிற நரம்பணுக்களை வளைந்து கொடுத்துப் பயன்படுத்தும் சாமர்த்தியம் இன்னொரு வகை. ஸ்டெர்ன் ‘அறிதிறன் கையிருப்பு’ என்றது இந்த இரண்டாவதை. வேலூர் நெடுஞ்சாலையில் மறியல் என்றால், அந்த ஒரே சாலையை அறிந்தவர் பேருந்திலேயே உட்கார்ந்திருப்பார். ஊர்களுக்குள் போகும் சிறு பாதைகளை அறிந்தவர் சற்றுத் தாமதமாகவேனும் ஆரணி வந்து சேர்ந்துவிடுவார்.

மூளைக்குள் இந்தச் சிறு பாதைகளைப் பார்க்க முடியுமா? செயல்முறை எம்.ஆர்.ஐ. படம், மூளையின் எந்தப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்பதைக் காட்டும். நலமான முதியவர்களை இப்படியும் வேறு முறைகளிலும் படமெடுத்தபோது இரண்டு போக்குகள் தெரிந்தன. முதலாவது சிக்கனம்: கையிருப்பு அதிகம் உள்ளவரின் மூளை எளிய வேலைக்குக் குறைவாகவே உழைக்கிறது, வேலை கடினமாகும்போது ஏற்றிக்கொள்ள இடம் மிச்சம் வைத்திருக்கிறது. கையிருப்பு குறைந்தவரின் மூளை எளிய வேலைக்கே முழு வேகத்தில் ஓடுகிறது, கடினமான வேலை வரும்போது ஏற்ற இடமில்லாமல் திணறுகிறது.

இரண்டாவது ஈடுகட்டுதல். 2002-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரொபெர்டோ கபேசா குழுவினர் இளைஞர்களையும், நினைவாற்றல் குறைந்த முதியவர்களையும், நினைவாற்றல் மங்காத முதியவர்களையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிட்ட ஒரு நினைவு வேலையில் இளைஞர்களுக்கு முன்மூளையின் வலப்பக்கம் மட்டும் முனைப்பாக இயங்கியது. திறன் குறைந்த முதியவர்களுக்கும் அதே பக்கம்தான். மங்காதவர்களுக்கு இரண்டு பக்கமும் இயங்கின. ஒரு பக்கம் தளர்ந்ததை மறுபக்கம் ஈடுகட்டுகிறது என்று விளக்கினார்கள்.

அழகான விளக்கம், ஆனால் முழுசாக நிற்கவில்லை. 2018-இல் அலெக்ஸா மார்கமும் ரிச்சர்ட் ஹென்சனும் பெரிய எண்ணிக்கையில் பல வயதினரின் படங்களை நுணுக்கமான கணக்குகளால் ஆராய்ந்து, முன்மூளையின் அந்தக் கூடுதல் இயக்கத்தில் நினைவுக்கு உதவும் கூடுதல் தகவல் எதுவும் இல்லை என்றார்கள். இயக்கம் கூர்மை இழந்து பரவியிருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். பிறகு 2024-இல் ஹென்சன் இடம்பெற்ற இன்னொரு குழு, புதிர்களைத் தீர்க்கும்போது மூளையின் பின்பகுதியில் ஓரிடம் உண்மையாகவே ஈடுகட்டுகிறது என்று சான்று காட்டியது. ஆக, முதியவரின் மூளைப் படத்தில் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் அது பலமாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம். எந்த வேலையைச் செய்யும்போது எடுத்த படம், எவ்வளவு சரியாகச் செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும்.

இரண்டு மொழி, ஒரு தெரு

பள்ளிப் படிப்பே கையிருப்பின் ஒரே ஊற்று என்றால் கோடிக்கணக்கான இந்திய முதியவர்கள் தொடக்கத்திலேயே தோற்றவர்கள். நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்பு மறுக்கப்பட்டவர்கள் யார் என்ற பட்டியலும் ஏறக்குறைய இதுவேதான்.

ஆனால் ஐதராபாத்திலிருந்து வேறொரு ஊற்றுக்குச் சான்று வந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61.1. இரண்டு அல்லது அதற்கு மேல் பேசியவர்களுக்கு 65.6. நாலரை ஆண்டு வித்தியாசம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது இடைவெளி ஆறு ஆண்டு. மூன்றாவது, நான்காவது மொழியால் கூடுதல் லாபம் தெரியவில்லை. பக்கவாதம் வந்த 608 பேரிடம் இதே குழு 2016-இல் பார்த்தபோது, அறிதிறன் சிதையாமல் தப்பியவர்கள் இருமொழியாளர்களில் 40.5 சதவீதம், ஒருமொழியாளர்களில் 19.6 சதவீதம்.

ஆரணிக்கு இது அந்நியமான செய்தி இல்லை. ஊரின் நெசவுக் குடும்பங்களில் சௌராட்டிரர்களும் உண்டு. வீட்டுக்குள் சௌராட்டிரம், தெருவில் தமிழ். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருவதால் வியாபாரத்தில் கன்னடமும் தெலுங்கும் கலக்கும். இந்த மொழிகளில் பலவற்றை அவர்கள் பள்ளியில் கற்கவில்லை. ஐதராபாத்தின் இருமொழியாளர்களும் அப்படித்தான், அக்கம்பக்கத்தோடு பழகியே கற்றவர்கள். ஆனால் அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழிக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நியூயார்க்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, இருமொழியால் மறதிநோய் தள்ளிப்போகவில்லை என்று 2014-இல் சொன்னது. இருமொழி வாழ்க்கை ஊருக்கு ஊர் வேறு. வளர்ந்த பிறகு பிழைப்புக்காகக் கற்பதும் பிறந்ததிலிருந்து நாள் முழுக்க மாறி மாறிப் பேசுவதும் மூளைக்கு ஒரே உழைப்பு ஆகாது.

பழகிய தடமும் புதிய தடமும்

தொழிலின் பங்கு என்ன? கனடாவில் 2008-இல் வந்த ஆய்வொன்று, மனிதர்களோடும் பொருள்களோடும் சிக்கலான வேலை செய்தவர்களுக்கு மறதிநோய் வாய்ப்புக் குறைவு என்றது. ‘பொருள்களோடு’ என்பது நெசவு போன்ற கைத்தொழிலுக்கு ஆறுதலான சொல். ஆனால் எந்தக் கைவேலையும் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2024 டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில், அமெரிக்காவில் இறந்த ஏறத்தாழ 90 லட்சம் பேரின் தொழிலையும் இறப்புக் காரணத்தையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. 443 தொழில்களில் அல்சைமரால் இறந்தவர்களின் விகிதம் மிகக் குறைவாக இருந்தது டாக்சி ஓட்டுநர்களிடமும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமும். குறித்த வழியில் மட்டும் போகும் பேருந்து ஓட்டுநர்களிடமும் விமானிகளிடமும் அந்தச் சலுகை இல்லை. காரணம் இதுதான் என்று இறப்புச் சான்றிதழ்களை வைத்து முடிவுகட்ட முடியாது என்பதை ஆய்வாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

வழி தேடுவதற்கும் குறித்த வழியில் போவதற்கும் உள்ள வித்தியாசம் தறிக்கூடத்திலும் உண்டு. ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. எந்த இழை எழ வேண்டும் என்பதை அட்டையின் துளை முடிவு செய்கிறது. வடிவத்தை மனசில் சுமக்கும் வேலை முதலில் அட்டைக்கும், இப்போது அட்டைக்கு முன்பே கணினிக்கும் போய்விட்டது. புது டிசைனுக்குப் பாவு தயார் செய்பவர், அறுந்த இழைக்கும் தவறிய அட்டைக்கும் காரணம் கண்டுபிடிப்பவர், நிறம் சேர்ப்பவர் ஆகியோருக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு. மூலையில் உட்கார்ந்து ராட்டையில் நாளெல்லாம் தார் சுற்றும் முதிய பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரே வீட்டுக்குள், ஒரே தொழிலில், மூளைக்குக் கிடைக்கும் சவால் ஆளுக்கு ஆள் வேறு.

முதுமையிலும் சவாலைக் கூட்டிப் பார்க்கலாமா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் அதைச் சோதித்தார். 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரில் சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணிகளை ஒட்டித் தைத்து வடிவம் அமைக்கும் ‘குவில்ட்’ வேலை, சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழு கூடிப் பேசி விளையாடியது, வேறொரு குழு வீட்டில் வானொலியும் குறுக்கெழுத்துமாக இருந்தது. 2014-இல் வந்த முடிவில், புதிய திறனைக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. தெளிவாக மேம்பட்டவர்கள் காமிராவும் கணினி மென்பொருளும் கற்றவர்கள். பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த மூளைப் படங்களில், கற்றவர்களின் மூளை எளிய வேலைக்கும் கடினமான வேலைக்கும் ஏற்ப இயக்கத்தை ஏற்றி இறக்கக் கூடுதலாகப் பழகியிருந்தது தெரிந்தது. மேலே சொன்ன சிக்கனத்தின் சாயல்தான் அது.

தள்ளிப்போகும், பிறகு வேகமாக வரும்

கையிருப்பு நோயைத் தடுப்பதில்லை. படிவுகள் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், வெளியே தெரிவது தாமதமாகும். 1992-இல் ஸ்டெர்ன் இதை ரத்த ஓட்டப் படங்களால் காட்டினார். ஒரே அளவு அறிகுறி கொண்ட நோயாளிகளில் அதிகம் படித்தவர்களின் மூளையில்தான் ரத்த ஓட்டம் அதிகம் குறைந்திருந்தது. அவ்வளவு சேதத்தையும் அவர்கள் அதுவரை மறைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அதனால்தான் அறிகுறி தொடங்கிய பிறகு கையிருப்பு அதிகம் உள்ளவர்கள் வேகமாகச் சரிகிறார்கள். “போன தீபாவளி வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்” என்று வீட்டார் திகைப்பதன் பின்னால் பல ஆண்டுச் சேதம் இருக்கக்கூடும்.

நெசவாளர் வீட்டில் கவனிக்க வேண்டியதும் இதையொட்டியே வரும். எழுபது வயதில் கை மெதுவாவது இயல்பு. நாற்பது வருடம் நெய்த டிசைனில் வரிசை குழம்புவதும், கூலிக் கணக்கு திரும்பத் திரும்பத் தப்புவதும், பழகிய தெருவில் திசை தடுமாறுவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. தேதி தெரியாதது அவ்வளவு பெரிய அடையாளம் இல்லை.

லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகின் மறதிநோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம். குறைந்த படிப்பு அவற்றில் ஒன்று. அறுபது வயதுக்காரருக்கு இனி அதைத் திருத்த முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கேட்புத்திறன் குறைவு, தனிமை, புதிதாகச் சேர்க்கப்பட்ட பார்வைக் குறைவு ஆகியவற்றைத் திருத்த முடியும். பட்டு இழையை எண்ணிப் பிழைப்பவருக்கு நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது தொழிலையே தொடும். அசாமில் தேயிலை பறிப்பவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த சோதனை 2018-இல் வெளியானது: கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்களுடைய பறிப்பு சுமார் 22 சதவீதம் கூடியது. கூலியைக் கூட்டுகிற அதே கண்ணாடி, மூளைக்குப் போகும் தகவலையும் தெளிவாக வைக்கிறது.

ஆரணி போன்ற ஊர்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு இப்போது கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில் நடக்கிறது. பட்டுக்கூடு விளையும் பூமி அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைக் கடந்த 10,000 கிராமவாசிகளைப் பின்தொடரும் திட்டத்தை 2018-இல் தொடங்கியது. அறிதிறன் தேர்வு, எம்.ஆர்.ஐ., மரபணு, ரத்தப் பரிசோதனை, வாழ்க்கைமுறை என எல்லாம் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப அளக்கப்படும். தொடக்கத்தில் 45 வயதில் சேர்ந்தவர்கள் 2033-இல் அறுபதைத் தொடுவார்கள். பள்ளி அளித்தது எவ்வளவு, மொழியும் தொழிலும் அளித்தது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க அந்த ஆண்டுகளின் கணக்கு உதவும்.